எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது?

ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ பதவிக்குத் தகுதியற்றவர் என்று வழக்குத் தொடுக்க விரும்பும் வாக்காளர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அந்தத் தகுதிக்குறைவு தேர்தலுக்கு முன்பே இருந்ததா, பதவியேற்ற பின்னர் நேர்ந்ததா என்பதையே. ஏனெனில் அதிகார வரம்பு, அதாவது ஒரு வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்குச் சட்டம் வழங்கும் உரிமை, இந்த ஒரு விடையைப் பொறுத்தே மாறுகிறது.

வேட்புமனு அளித்த நாளில் 21 வயது நிரம்பாத ஒருவர் வென்றுவிட்டால், அது தேர்தலையே பழுதாக்கும் குறை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த 243ஓ பிரிவு, இத்தகைய தேர்தலைத் தேர்தல் மனு வழியாக மட்டுமே எதிர்க்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி அம்மனுவை விசாரிப்பவர் மாவட்ட நீதிபதி. இக்கட்டுப்பாட்டின் வேர் பழையது: நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய வழக்கில், சட்டமன்றத் தேர்தலுக்குரிய 329ஆம் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், ‘தேர்தல்’ என்னும் சொல் அறிவிக்கை முதல் முடிவு வரையிலான நடைமுறை முழுவதையும் குறிக்கும் என்றும், இடையில் நீதிமன்றம் குறுக்கிட இயலாது என்றும் 1952இல் தீர்ப்பளித்தது.

வென்ற பின்னர் நேரும் தகுதியிழப்பு வேறு வகை. அக்கேள்வியை எந்த அதிகார அமைப்பு, எம்முறையில் தீர்மானிப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் பொறுப்பில் 243எஃப் பிரிவு விட்டுவைக்கிறது. கடமை தவறியதற்காகத் தலைவரை மாவட்ட ஆட்சியர் விலக்கும் பதவி நீக்கத்தையும் இதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அங்கே தலைவரிடம் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் உறுப்பினர்களின் கருத்தையும் அறிய வேண்டும் என்பதால் அதன் வழியே தனி.

சட்டம் இவ்வாறு தனி மன்றங்களை வகுத்திருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்துக்கு இங்கே பொதுவாக இடமில்லை. உயர் நீதிமன்றத்தின் நிலை வேறு. 226ஆம் பிரிவின்கீழ் அது பெற்றுள்ள நீதிப்பேராணை அதிகாரம், அரசின் செயலைச் சட்டத்தின் அளவுகோலால் சோதிக்கும் ஆற்றல் என்பதால், அதை அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு என 1997இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தேர்தல் மனுவுக்குரிய காலம் கடந்த பின்னும் இவ்வதிகாரம் முற்றிலும் மறைவதில்லை என்பதற்கு லால்குடி வழக்கு சான்று. 1984ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாத ஒருவர், அதே பெயருடைய வேறொருவரின் பதிவைத் தமதாகக் காட்டி வென்றார். அவர் உறுப்பினராக அமரத் தகுதியற்றவர் என்று உயர் நீதிமன்றம் அறிவித்தது செல்லும் என 1999இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஊராட்சியின் பதவிக்காலமே 5 ஆண்டுகள்தான் என்பதை நினைத்தால் அந்தக் காலத்தாழ்வின் கனம் விளங்கும்: லால்குடிக்கு இறுதித் தீர்ப்பு வந்தபோது, அவர் அமர்ந்திருந்த சட்டமன்றம் கலைந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.