மெய்நிகர் மேசைக்கணினி

திருச்சிராப்பள்ளியினின்றும் 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதனினின்றும் அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாயிற்று. 2002-இல் மீண்டும் அதனோடு இணைந்தது. 2007-இல் மறுபடியும் தனித்து நின்றது. இத்துணை மாறுதலாலும் ஆங்கு ஒரு வயலும் இடம்பெயர்ந்திலது. நிலம் ஒன்றே, அதன்மீது வகுத்த ஆட்சிப் பகுப்பே வேறுவேறாயிற்று. கணினித் துறையில் மெய்நிகராக்கம் என வழங்குவதும் இத்தன்மைத்தே. உருவில் ஒன்றாய் நிற்கும் பொறியை ஆணையினாலே பல பொறிகளாகப் பகுத்தலும், வேண்டாதபோது மீட்டும் ஒன்றாக்கலும் அதன் இயல்பாம். ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ இதனை அமைக்குமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. பெருங்கணினி ஒன்றனைப் பலர் ஒருங்கே தத்தமக்கு உரியதுபோல ஆளும் வழியை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே கண்டனர். 1998-இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம் அதனைச் சிறு கணினிகட்கும் கொணர்ந்தது. 2007-இல் லினக்ஸின் உட்கருவோடு சேர்ந்த கே.வி.எம். என்னும் மென்பொருள், பொருட்செலவின்றியும் அதனை எய்துமாறு செய்தது.

இதன் செயல்முறை எளிது. சர்வர் எனப்படும் தலைமைக்கணினியில் ஹைபர்வைசர் என்னும் மென்பொருள் அமர்ந்து, நினைவகத்தையும் கணிக்கும் ஆற்றலையும் பங்கிட்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரு மெய்நிகர்க் கணினியை அளிக்கின்றது. மேசைமேல் இருப்பது திரையும் விசைப்பலகையும் தின் கிளையண்ட் என்னும் சிறு கருவியுமே. வேலை நடப்பது தலைமைக்கணினியில். மேசைக்கு வருவது அதன் காட்சி மட்டுமே. ஆதலின் மேசைக்கருவி பழுதுற்றாலும் எழுதியது அழியாது. வேறொரு மேசையில் அமர்ந்து விட்ட இடத்தினின்றும் தொடரலாம்.

இதற்கு உறவான எளிய முறையும் ஒன்றுண்டு. அதில் ஒரே இயங்குதளத்தைப் பலர் பகிர்ந்துகொள்வர். 2008-ஐ ஒட்டி, அன்று பிரிவுறாதிருந்த ஆந்திர மாநிலத்தின் 5,000 பள்ளிகளில் என்கம்ப்யூட்டிங் கருவிகளைக் கொண்டு ஒரு கணினியைப் பல மாணாக்கர்க்குப் பகிரும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. யாவரும் ஒரே பாடம் பயிலுமிடத்து இதுவே சாலும். தனித்தனி மென்பொருள் வேண்டுமிடத்தே மெய்நிகர்க் கணினி இன்றியமையாதது.

இனித் திட்டமிடல். இதில் முதற்கண் எண்ணத்தக்கது பொறியன்று. அதனை ஆளும் மக்களே. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் வெட்டிய பேரேரி போன்றதாயினும், பாயும் நிலத்தின் அளவறியாது மடை திறப்பின் கடைவயல் காயும். பெரம்பலூரில் தலைமையிடமும், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அப்பாலுள்ள அரியலூரில் கிளையும் உடைய அலுவலகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அங்கு 40 பேர் பணிபுரிகின்றனர். ஒருவர்க்கு 4 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் எனின் மொத்தம் 160 ஆகும். ஹைபர்வைசருக்கு உரியதை இதன்மேற் கூட்டல் வேண்டும். தலைமைக்கணினி ஒன்றாயின் அது வீழ்ந்த அன்று நாற்பதின்மரும் வாளாவிருப்பர். மனுவோடு வந்தோரும் வெறுங்கையராய்த் திரும்புவர். ஆதலின் முழுச்சுமையையும் தனித்தே தாங்கவல்ல பொறிகள் இரண்டு வேண்டும்.

சராசரி கொண்டு அளத்தலும் தவறாம். காலை பத்து மணிக்கு யாவரும் ஒருங்கே கணினியை இயக்குவர்; அப்பொழுது சேமிப்பகத்தின்மீது விழும் சுமையே பெரிது. அந்நேரத்தை அளவாகக் கொண்டு, சுழலும் தட்டுக்கு மாறாக விரைந்தியங்கும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தை அமைத்தல் நன்று.

அரியலூர்க் கிளைக்கோ வேறோர் இடரும் உண்டு. இடைவழிக் கம்பி அறுமாயின் அங்குள்ள திரைகள் யாவும் இருளும். எனவே தொடர்பு இருவழியாக அமைதல் வேண்டும். அன்றேல் தாமே இயங்கவல்ல கணினி இரண்டொன்றேனும் அங்கு இருத்தல் வேண்டும். மின்தடைக்கு யு.பி.எஸ்.ஸும், தரவின் மறுபடி பிறிதோரிடத்திலும் இன்றியமையாதன.

தமிழ் எழுதுவார்க்கு இம்முறையால் ஒரு தனிப்பயன் உண்டு. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. மெய்நிகர் முறையிலோ மூலப்படிவம் ஒன்றிருக்கும். அதில் எழுத்துருவையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஒருமுறை நிறுவின், அதினின்றும் பிறக்கும் நாற்பது கணினியிலும் அவை அமையும். மென்பொருட் குறைகளை நீக்கலும் அங்ஙனமே.

செயற்படுத்துங்கால் ஒரே நாளில் யாவரையும் மாற்றலாகாது. கணக்கர், தட்டெழுதுவார், மேலாளர் எனப் பணியால் வேறுபட்ட ஐவரை முதலில் ஒரு திங்கள் பழகவிட்டு, அச்சுப்பொறி இயங்குகின்றதா, தமிழ் தடையின்றி வருகின்றதா எனக் கேட்டறிதல் வேண்டும். குறை களைந்த பின்னரே பிரிவு பிரிவாக விரித்தல் தகும். படத்தொகுப்பும் பொறியியல் வரைபடமும் செய்வார்க்குத் தனிக்கணினியையே விட்டுவைத்தல் பெரும்பாலும் நலம்.

சிக்கனம் ஒன்றையே கருதி இதனுட் புகுவார் ஏமாறுவர். தலைமைக்கணினிக்கும் சேமிப்பகத்திற்கும் உரிமக் கட்டணத்திற்கும் தொடக்கத்தில் ஆகும் செலவு சிறிதன்று. பெறும் ஆதாயம் பராமரிப்பின் எளிமையும், தரவின் காவலும், மேசைக்கருவியின் நீண்ட வாழ்நாளுமாம். தனித்தனியே நிற்கும் நாற்பது கணினியில் ஒன்று கெடின் ஒருவர் வேலை நிற்கும். ஒன்றாகத் திரட்டியது கெடினோ ஊரே நிற்கும். திரட்டுவதற்கு முன்னரே இரண்டாவது பொறிக்கும் இரண்டாவது வழிக்கும் பொருள் ஒதுக்குவார்க்கே இம்முறை பயன்படும். அஃது இயலாதார் தனிக்கணினியோடு அமைதலே அறிவுடைமை.