லைசென்ஸ் வேண்டாம்னு வாங்குற பேட்டரி ஸ்கூட்டர்... 25 கி.மீ. தாண்டினா சிக்கல்!

சென்னை,

தண்டையார்பேட்டையில் இருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவருக்கு போக, வர 10 கி.மீ. இருக்கும். இந்த தூரத்துக்கு சிக்னலுக்கு சிக்னல் நின்று பெட்ரோலை எரிக்கணுமா என்று யோசிப்பவர்களை இழுப்பது குட்டி பேட்டரி ஸ்கூட்டர்கள்தான். லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

மூன்று வேண்டாமும் உண்மைதான். ஆனால் அதில் ஒரு கண்டிஷன் இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிப்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த சோதனை மையம் இதைப் பார்த்து சான்று கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வண்டி கிடையாது. ஓசூர், கிருஷ்ணகிரியில் தயாராகும் வேகமான மின்சார ஸ்கூட்டர்கள் வேறு ரகம். அதற்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ், பச்சை நம்பர் பிளேட் எல்லாமே உண்டு.

வயரைக் கழற்றினால் வம்பு

வில்லங்கம் எங்கே என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வயரைக் கழற்றிவிட்டால் போதும், வண்டி 40-க்கு மேல் பறக்கும் என்று சிலர் காதைக் கடிப்பார்கள். வாங்குகிறவருக்கும் ஆசை வந்துவிடும். அந்த நிமிடமே அது ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத மோட்டார் வண்டியாகி விடுகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு தனியாக 2 ஆயிரம். டியூஷனுக்குப் போகும் 15 வயது பையன் கையில் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்க 2019-ல் திருத்திய சட்டத்தில் இடம் இருக்கிறது.

அபராதம்கூட கட்டி விடலாம். யார் மீதாவது மோதி நஷ்டஈடு கட்டச் சொல்லி கோர்ட்டு உத்தரவு வந்தால், கைகொடுக்க எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் வராது. வண்டிக்காரர்தான் கட்டியாக வேண்டும். எனவே சோதனை மையத்தின் சான்று நகலை கடையில் கேட்டு வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

லாபம் எவ்வளவு?

48 வோல்ட், 24 ஆம்பியர்-ஹவர் பேட்டரி முழுசாக ஏற சார்ஜரில் போகும் சேதாரத்தையும் சேர்த்து சுமார் ஒன்றரை யூனிட் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் 12 ரூபாய்தான். அதில் 40, 50 கி.மீ. ஓடும். பெட்ரோல் வண்டியில் அதே தூரத்துக்கு 100 ரூபாய் காலி.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. விலை குறைந்த வண்டிகளில் இருப்பது ஈய-அமில பேட்டரி. ஒன்றரை, இரண்டு வருடத்தில் தள்ளாட ஆரம்பித்து விடும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசில் ஒரு பங்கு புது பேட்டரிக்கே போய்விடும். லித்தியம் பேட்டரி விலை கூடுதல், ஆனால் உழைப்பும் கூடுதல். இரண்டு ஆள் உட்கார்ந்து மேம்பாலம் ஏறினால் எந்த குட்டி வண்டியும் மூச்சு வாங்கும்.

தெருவில் புகை இல்லை என்பது நிஜம். மின்சாரத்துக்காக நிலக்கரி எரிவது அத்திப்பட்டில் என்பதால், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கேட்டு கொஞ்சம் சிரிக்கலாம். இருந்தாலும் நின்று நின்று போகும் குறுகிய தூரத்தில்தான் பெட்ரோல் என்ஜின் அதிகம் வீணடிக்கிறது. பேட்டரி வண்டி சிக்னலில் நிற்கும்போது மோட்டாருக்கு செலவே இல்லை.

ராத்திரி சார்ஜ் உஷார்

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி ராத்திரியில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் சிக்கி இறந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படி தீப்பிடித்த பிறகு, 2022 டிசம்பரில் இருந்து மின்சார வண்டிகளின் பேட்டரிக்கான சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவது, வாசலை மறித்து வண்டியை நிறுத்துவது, வேறு வண்டியின் சார்ஜரை மாட்டுவது மூன்றும் ஆகாது. ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறவர்கள் பேட்டரி தனியாகக் கழன்று வரும் மாடலாகப் பார்த்து வாங்கி, வெளித் திண்ணையில் வைத்து சார்ஜ் ஏற்றலாம்.

ஹெல்மெட்டை சட்டம் கேட்காவிட்டாலும் தலை கேட்கும். பழைய ஈய பேட்டரியை குப்பையில் வீசக்கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் புதிதின் விலையில் கழித்துக் கொள்வார்கள்.