தாத்தாவின் கால், தம்பியின் கட்டுத்துணி

செங்காங்கில் இருக்கும் சித்தி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. மீன்தலைக் கறி முடிந்து ரசத்துக்கு வந்த நேரத்தில்தான் தம்பி வாயைத் திறந்தான்.

“அக்கா, அடுத்த மாசம் ஐரோப்பாவுல ஒரு மாநாடு. என்னோட ஆய்வைப் படிக்கப் போறேன். மூணு வாரம்தான் இருக்கு.”

தம்பி என்றால் சித்தி மகன். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறான். நீரிழிவு நோயாளிகளின் கால் புண்ணுக்குப் போடும் கட்டுத்துணியைத்தான் ஆராய்கிறான். புண்ணில் கிருமித்தொற்று தொடங்கும்போதே துணியின் நிறம் மாறிவிடும். ஏன் இந்த ஆய்வு என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. தாத்தாவுக்கு முதலில் ஒரு விரல் போனது, பிறகு இன்னொன்று, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. அப்போது தம்பிக்குப் பதினொரு வயது.

எல்லாரும் வாழ்த்துச் சொன்னோம். சித்தி மட்டும் அப்பளத்தை உடைத்தபடியே கேட்டார்: “எல்லாம் சரிடா, அந்தத் துணி எந்தக் கடையில கிடைக்கும்?”

சிரித்துவிட்டோம். ஆனால் வீடு திரும்பும் ரயிலில் அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் ஒரு பொருள் கடைக்கு எப்படி வருகிறது? வழியில் யார் யாருக்கு என்ன கிடைக்கிறது? வானொலியில் பேட்டி எடுத்துப் பழகிய வாய், சும்மா இருக்கவில்லை. அன்றிரவே தம்பியை அழைத்து, “மாநாட்டுக்கு முன்னாடி காப்புரிமைக்கு மனு போட்டுட்டியா?” என்று கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அதெல்லாம் பேராசிரியர் பார்த்துப்பாருன்னு நினைச்சேன்” என்றான்.

வியர்வையில் பிறந்த வழக்கு

பூப்பந்து ஆடி முடித்ததும் நம் ஊர்களில் கை தானாக 100 பிளஸ் பக்கம் போகும். அது ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் தன் நூற்றாண்டையொட்டி 1983ல் கொண்டுவந்த பானம். அதே இனத்தைச் சேர்ந்த கேட்டரேட் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

1965ல், அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் சிறுநீரக மருத்துவராக இருந்தார். பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் துணைப் பயிற்றுநர் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார் (காற்பந்து என்றால் அமெரிக்கர்கள் தலைக்கவசம் போட்டு ஆடுவது). ஆட்டம் முடிந்த பிறகும் வீரர்களுக்குச் சிறுநீர் வருவதில்லையே, ஏன்? கேட் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். வீரர்கள் வியர்வையிலேயே நீரையும் உப்பையும் இழந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஆட்டத்தில் எட்டு கிலோ வரை எடை குறைந்தவர்களும் இருந்தார்கள். தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பானம் தயாரித்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னவர் கேட்டின் மனைவி மேரி. (கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். எனக்கும் கோபம்தான்.)

அந்த அணி ஆட்டங்களை வெல்லத் தொடங்கியதும் பானத்தின் பெயர் பரவியது. தயாரித்து விற்கும் உரிமையை முதலில் பல்கலைக்கழகத்துக்கே தர முன்வந்ததாகவும் அங்கே யாரும் ஆர்வம் காட்டவில்லை என்றும் கேட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1967ல் ஸ்டோக்லி வான் கேம்ப் என்ற உணவு நிறுவனம் உரிமத்தை வாங்கியது. விற்பனை சூடுபிடித்ததும் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு பங்கு கேட்டது. ஆய்வுக்கு அரசாங்கப் பணமும் செலவாகியிருந்ததால் அரசாங்கமும் கேட்டது. வழக்கு நீதிமன்றம் வரை போய் எழுபதுகளின் தொடக்கத்தில் சமரசமானது. ராயல்டியில் 20 விழுக்காடு பல்கலைக்கழகத்துக்கு, மிச்சம் கேட் குழுவினருக்கும் அவர்களோடு முதலீடு செய்தவர்களுக்கும்.

அந்த 20 விழுக்காட்டில் மட்டும் இதுவரை பல்கலைக்கழகத்துக்கு வந்தது 250 மில்லியன் டாலருக்கும் மேல்.

ராயல்டி எனக்குப் புதிதல்ல. வானொலியில் ஒரு பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு சிறு தொகை சேர வேண்டும். பாட்டு எழுதியவரின் சொத்தாகவே இருக்கிறது, ஒலிபரப்ப நமக்கு அனுமதி மட்டும் கிடைக்கிறது. கண்டுபிடிப்புக்கான உரிமமும் இதே வகைதான். காப்புரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கும். நிறுவனம் முன்பணம் கட்டி, பிறகு ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு தந்து, பொருளைத் தயாரிக்கும் அனுமதியைப் பெறும். ஒரே நிறுவனத்துக்குத் தருவது ஒரு வகை. கேட்பவர்களுக்கெல்லாம் தருவது இன்னொரு வகை.

ஒரு வாரம் மிச்சம்

கேட்பவர்களுக்கெல்லாம் தந்து பெயர் வாங்கியது கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம். அந்தக் கதையை மட்டும் தம்பிக்கு இரண்டு முறை சொன்னேன்.

1973ல் ஸ்டான்ஃபர்டின் ஸ்டான்லி கோஹனும் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி, பாக்டீரியாவுக்குள் ஒட்டிப் பெருக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஆய்விதழில் கட்டுரை வெளியானது. காப்புரிமை பற்றி யாரும் யோசிக்கவில்லை. மறு ஆண்டு மே மாதம், ஸ்டான்ஃபர்டின் தொழில்நுட்ப உரிமப் பிரிவை நடத்திவந்த நீல்ஸ் ரைமர்ஸ், நியூயார்க் டைம்ஸ் நாளிதழைப் படித்துத்தான் தன் பல்கலைக்கழகத்தில் நடந்ததையே தெரிந்துகொண்டார்!

கோஹனிடம் போனார். கோஹன் தயங்கினார். தனக்கு முன் பல பேர் செய்த ஆய்வுகளின்மேல் நின்றுகொண்டு தான் மட்டும் உரிமை கொண்டாடலாமா என்பது அவருடைய தயக்கம். நியாயமான தயக்கம்தான். ரைமர்ஸ் பேசிச் சம்மதிக்க வைத்தார். கட்டுரை வெளியான ஓராண்டுக்குள் மனுப்போட்டால் அமெரிக்கச் சட்டம் ஏற்கும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1974 நவம்பர் 4ஆம் தேதி மனு போனது. ஆனால் மற்ற நாடுகளில் பெரும்பாலும் அந்தச் சலுகை இல்லை. கட்டுரை அச்சேறியதால் வெளிநாட்டுக் காப்புரிமைகள் கைவிட்டுப் போயின.

1980 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. ஸ்டான்ஃபர்ட் அதை ஒரே நிறுவனத்துக்கு விற்றுவிடவில்லை. முன்பணம் 10,000 டாலர், ஆண்டுக் கட்டணம் 10,000 டாலர், பிறகு விற்பனையில் சிறு பங்கு. யார் வேண்டுமானாலும் வரலாம். 468 நிறுவனங்கள் வந்தன. 1997ல் காப்புரிமை காலாவதியாவதற்குள் வந்த பணம் ஏறக்குறைய 255 மில்லியன் டாலர். ரைமர்ஸ் வருவதற்கு முன்பு, 13 ஆண்டுகளில் கண்டுபிடிப்புகள்வழி ஸ்டான்ஃபர்டுக்குக் கிடைத்தது 5,000 டாலர்கூட இல்லை.

பாயர் இன்னொரு பாதையிலும் போனார். 1976ல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டாளரும் அவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜெனன்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மனித இன்சுலினை பாக்டீரியாவைக் கொண்டு 1978ல் உருவாக்கியவர்கள் அவர்கள்தான். அதுவரை பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்துதான் இன்சுலின் வந்துகொண்டிருந்தது. ஆனால் மருந்தைத் தயாரித்து உலகெங்கும் விற்கும் வசதி புது நிறுவனத்துக்கு ஏது? உரிமத்தை எலி லில்லி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 1982ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சித்தி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் தாத்தாவுக்காக ஒரு டப்பா இருக்குமே, அது அந்த வழியில் வந்த மருந்து.

இந்தக் கதை நடந்த காலத்தில், அரசாங்கப் பணத்தில் நடந்த ஆய்வு அரசாங்கத்துக்கே சொந்தம் என்ற நிலைதான் அமெரிக்காவில் பெரும்பாலும் இருந்தது. சுமார் 28,000 காப்புரிமைகள் அரசாங்கத்தின் கையில் இருந்தும் உரிமம் பெற்றவை 5 விழுக்காடுகூட இல்லை. 1980ல் வந்த பே-டோல் சட்டம் அந்த உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. வரும் பணத்தில் கண்டுபிடித்தவருக்கும் பங்கு தரவேண்டும் என்றது. இன்றைக்கு ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்திலும் உரிமங்களுக்கென ஓர் அலுவலகம் இருப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

நம்மூர்க் கணக்கு

இங்கே வருவோம். கிருமித்தொற்றுக் காலம் இரண்டு பாதைகளையும் நமக்குப் பக்கத்திலேயே காட்டிவிட்டது.

டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபா குழு, நோயை முறியடிக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டறியும் சோதனையை உருவாக்கியது. உயிருள்ள கிருமியைக் கையாளத் தேவையில்லை, உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் வேண்டாம். தயாரிப்பை ஜென்ஸ்கிரிப்ட் என்ற நிறுவனம் ஏற்றது. ‘சிபாஸ்’ என்ற பெயரில் 2020 நவம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதியும் வாங்கியது. பேராசிரியர் தொழிற்சாலை கட்டவில்லை. இது உரிமப் பாதை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சிலர் தொடங்கிய பிரீத்தோனிக்ஸ் நிறுவனம் போனது தொழில்முனைப்புப் பாதையில். மூச்சை ஊதினால் ஒரு நிமிடத்தில் முடிவு. நுரையீரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க யோசித்த வழியை கொவிட்டுக்குத் திருப்பினார்கள். 2021 மே மாதம் தற்காலிக அனுமதி கிடைத்தது, துவாஸ் சோதனைச்சாவடியில் முன்னோட்டமும் நடந்தது. ஜோகூரிலிருந்து வந்து அங்கே ஊதிவிட்டுப் போன நேயர்கள் சிலர்கூட இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிப்பட்ட பட்டதாரிகளுக்காகவே அந்தப் பல்கலைக்கழகம் 2018ல் ‘கிரிப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் தேர்வான குழுவுக்கு 100,000 வெள்ளி வரை கிடைத்தது. ஆயர் ராஜாவில் இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்கூடம் ஒன்று 2011லிருந்து ‘புளோக் 71’ என்ற பெயரில் புதிய நிறுவனங்களின் கூடாரமாகியிருக்கிறது.

மலேசியாவிலிருந்து ஒன்றைச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. எண்பதுகளில் மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கம்பத்துக் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் நியூகாசல் நோய்க்கு வெப்பம் தாங்கும் தடுப்புமருந்தை உருவாக்கினார்கள். ஊசியும் குளிர்ப்பெட்டியும் கம்பத்துக்கு எட்டாதவை. அதனால் மருந்தைத் தீவனத்தில் கலந்து போட வழி செய்தார்கள். வாங்கப் போகிறவர் யார், அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை முதலிலேயே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

பளபளப்பான கதைகளை மட்டும் சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. பெரும்பாலான காப்புரிமைகள் ஒரு வெள்ளிகூடச் சம்பாதிப்பதில்லை. பல்கலைக்கழகங்களின் உரிம வருமானத்தில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில கண்டுபிடிப்புகளிலிருந்துதான் வருகிறது. வருகிற பணமும் முழுதாகக் கைக்கு வராது. ஸ்டான்ஃபர்டில் ஒரு பங்கை நிர்வாகச் செலவுக்குக் கழித்துவிட்டு, மீதியை கண்டுபிடிப்பாளர், துறை, கல்லூரி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. உபகாரச் சம்பளத்தில் படிக்கும் மாணவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பது அவர் நான்கு ஆண்டுக்கு முன்பு படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும்.

தம்பி அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தது ஒரு புதன்கிழமை இரவு. மறுநாள் காலையிலேயே பேராசிரியரோடு உரிம அலுவலகத்துக்குப் போனான். மாநாட்டுச் சுருக்கங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே இணையத்தில் ஏறிவிடும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஆக, அவனிடம் இருந்தது மூன்று வாரமல்ல. அலுவலகத்தில் முகம் சுளித்தார்களாம், ஆனால் கதவை மூடவில்லை. கண்டுபிடிப்பு விவரப் படிவம், ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள், வேறு நாட்டுக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர் ஒருவரின் கையெழுத்து. சுருக்கம் வெளியாக நான்கு நாள் இருக்கும்போது முதல் மனு பதிவானது. அந்தத் தேதியை வைத்து மற்ற நாடுகளில் மனுப்போட இனி 12 மாத அவகாசம்.

பெரிய நிறுவனத்துக்கு உரிமத்தைக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார் என்கிறார் பேராசிரியர். தம்பிக்குச் சொந்த நிறுவனம் தொடங்க ஆசை. சித்திக்கு, அவன் விண்ணப்பித்திருக்கும் வீவக வீட்டுக்கு மாதத் தவணை யார் கட்டுவது என்ற கவலை. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் யார் பக்கமும் சேரவில்லை. சாப்பாட்டுக்கு நாளைக்கும் அந்த வீட்டுக்குப் போகவேண்டுமே!

அதற்கிடையில் அலுவலகம் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதியர், நோயாளிகளைக் கவனிக்கும் குடும்பத்தார் என்று முப்பது பேரையாவது பார்த்துப் பேச வேண்டும். எதையும் விற்கக்கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். முதலில் பேசிய மூத்த தாதி துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “நிறம் மாறுறது நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்தப் பசை ரொம்பப் பிடிக்குதே. வயசானவங்களுக்கு உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துடும்.”

நான்கு ஆண்டு ஆய்வில் பசையைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. மாநாட்டிலிருந்து திரும்பியவன் இப்போது ஆய்வுக்கூடத்தில் பசையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். இன்னும் இருபத்தொன்பது பேரைப் பார்க்க வேண்டும்.