நீர் வரைந்த புல்வெளி

பெரிய ஆறு ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாத ஊர் பெங்களூரு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, பழம்பாறையின் முதுகில் அமர்ந்திருக்கிறது. அந்த முதுகின் மேற்குச் சரிவில், ஒக்கலிபுரத்துக் கூரையொன்றில் விழும் மழைத்துளி விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியைத் தொட்டு, மேட்டூர் தாண்டித் தஞ்சைச் சமவெளியை நோக்கிப் போகிறது. அதே மேகம் சற்றே கிழக்கே நகர்ந்து டொம்லூரில் பொழிந்தாலோ, அந்தத் துளிக்கு விதித்த பாதை வேறு. சல்லகட்டப் பள்ளத்தாக்கு, பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி, தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்ப் பக்கம் வங்கக் கடல். ஒரு மேகத்தின் இரண்டு பிள்ளைகளைப் பிரித்து இரண்டு ஆறுகளிடம் ஒப்படைக்கும் அந்த மேட்டை நாம் நாள்தோறும் பஸ்ஸில் கடக்கிறோம். பஸ் கியர் மாறும் ஓசையைத் தவிர வேறெதுவும் நம் காதில் விழுவதில்லை.

அந்தக் கிழக்குப் பள்ளத்தாக்கின் மடியில்தான் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் 18 குழி மைதானம் விரிந்து கிடக்கிறது. பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் வடிவமைத்தது. 2012இல் இந்தியன் ஓப்பன் போட்டி நடந்த இடம். தாம்சனுக்கு முன்பே, வெகு காலத்துக்கு முன்பே, இங்கே கோடு கிழித்தது நீர். ஒருகாலத்தில் இது சல்லகட்ட ஏரி. அந்த ஏரி போய்விட்டது. அந்த இழப்பைச் சொல்லாமல் இந்தப் பசுமையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நிலம் தன் சாய்வை மறக்கவில்லை. மழை பெய்தால் நீர் இன்றும் பழைய தாழ்விடங்களைத் தேடி வருகிறது. புல்வெளிகளுக்கு நடுவே குளங்களாய் நின்று வானத்தை ஏந்திக்கொள்கிறது.

குழியை நோக்கிப் பந்தைத் தட்டும் முன் ஆட்டக்காரர் அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து தரையையே உற்றுப் பார்க்கிறார். கண்ணுக்குச் சமதளம். உருட்டினாலோ பந்து மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது. நீர் இருக்கும் பக்கம்தான் வளையும் என்பது ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பாடம். லால்பாக் குன்றில் தலைகாட்டும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. அப்படிப்பட்ட பாறையை வெயில் விரிக்க, மழை கரைக்க, யுகங்கள் செம்மண்ணாய் உதிர்த்து இந்தப் பள்ளத்தாக்கைக் குடைந்தன. கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளைப் பந்து, அத்தனை பெரிய காலத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உருள்கிறது. அதை நாம் ஆட்டக்காரரின் திறமை என்கிறோம். அவருடைய திறமை, அந்தச் சொல்லைக் கூர்ந்து கேட்டதில் இருக்கிறது.

அருகிலேயே டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயில். அதன் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் நம் தமிழில் பேசுகின்றன. சொக்கப்பெருமாளுக்கு ஒரு கணவனும் மனைவியும் அளித்த கொடையில் விண்ணமங்கலம் ஏரியும் இடம்பெறுகிறது. ஏரியைத் தெய்வத்தின் உடைமையாகக் கண்ட கண்கள் அவை. அந்தக் கண்கள் இன்று நமக்கும் கொஞ்சம் வேண்டும்.

குனிந்து புல்லையும் பார்ப்போம். வெப்ப நாட்டு கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடா புல். வெளிநாட்டுப் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களுமே அது. குழியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டினாலும், மிதித்தாலும், கணுவுக்குக் கணு வேரூன்றி மறுபடி தளிர்க்கிறது. விடியற்காலையில் அதன் நுனிதோறும் ஒரு முத்து. பனி என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். பல காலைகளில் அந்த முத்து வானம் தந்ததாக இருப்பதில்லை. இரவெல்லாம் வேர் மண்ணிலிருந்து ஏற்றிய நீர், இலை நுனியின் நுண்துளை வழியே புல்லே ஈன்ற துளி. கையகலப் புல்தரைக்குள் இத்தனை ஊற்றுகள்!

இந்த வெட்டவெளியை நம்பித்தான் ஆள்காட்டிக் குருவியும் குடும்பம் நடத்துகிறது. மரமில்லை, மறைவில்லை, நாரில்லை. தரையில் ஒரு சிறு குழி, சுற்றிலும் சில கற்கள், நடுவில் வழக்கமாக நான்கு முட்டைகள். நான்கும் கூர்முனையை உள்நோக்கி வைத்து, தாயின் வயிற்றுக்கு அடங்கும்படி நெருங்கிக் கிடக்கும். கூழாங்கல்லின் நிறம், கூழாங்கல்லின் புள்ளிகள். நாம் ஓரடி தள்ளி நின்றாலும் தெரியாது. உச்சி வெயில் தகிக்கும்போது தாயோ தந்தையோ நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகள்மேல் அமர்கிறது. கரு வெந்துபோகாமல் காக்கும் அந்தக் கணக்கை அந்தச் சின்னஞ்சிறு தலைக்குள் எழுதிவைத்த கையை எண்ணும்போது என் கைகள் தாமாகவே குவிகின்றன. குளம் அருகில் இல்லாவிட்டால் அந்த ஈரத்துக்கு எங்கே போகும்? ஏரியின் மிச்சம் ஒரு குஞ்சின் உயிராகிறது.

ஆள் நெருங்கினால் அது தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் விவரம் அறிந்த உதவியாளர்கள் அந்தக் கூவல் கேட்டதும் நடையை மாற்றிக்கொள்வார்கள். அடித்த பந்தே கூட்டை ஒட்டிப் போய் நின்றுவிட்டால்? கிடந்த இடத்திலிருந்தே பந்தை ஆடவேண்டும் என்பது கோல்ஃபின் தலையாய கட்டளை. ஆனாலும் பறவைக் கூட்டுக்குத் தீங்கு வரும் என்றால், தண்டம் ஏதுமின்றிப் பந்தை எடுத்து அப்பால் போட்டு ஆடலாம் என்று விதி வகுத்தவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள்.