தூரமும் பறக்கும் நேரமும்

கொழும்பிலிருந்து பிற்பகல் 3 மணிக்குப் புறப்படும் விமானமொன்று ஜித்தாவில் மாலை 6.30 மணிக்கு இறங்குமாயின், அது பறந்த நேரம் எவ்வளவு? வகுப்பிலே இவ்வாறு வினவினால் மூன்றரை மணி என்றே மாணவர் பலரும் விடை பகர்வர். ஹஜ் யாத்திரை செய்வோரும் தொழில் நாடிச் செல்வோரும் மிகுந்த நம் கல்முனைப் பகுதியிலே இத்தவறு நேர்வது வியப்பே. இலங்கை நேரம் சவூதி நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அதனையும் கூட்ட, விடை ஆறு மணியாகும்.

இனித் தூரத்தை நோக்குவோம். பூமி உருண்டையாதலால் இரு நிலையங்களுக்கிடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். கட்டுநாயக்காவுக்கும் ஜித்தாவுக்கும் இடையே அது ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். இவ்வளவு என்றும் மாறாதது. நேரமோ மாறுவது. விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. காற்றோ தானும் நகர்வது. நீரோட்டத்தோடு செல்லும் தோணி விரைதலையும், எதிர்த்துச் செல்லும் தோணி தளர்தலையும் நம் கரையோர மீனவர் நன்கறிவர்.

இதற்குச் சிறந்த சான்று நம் தீவின் வரலாற்றிலேயே உண்டு. 1942இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாய மார்க்கம் அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தார் பேர்த் நகருக்கும், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவிக்கும் இடையே கற்றலினா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தினர். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்க இடமில்லை. பகைவர் அறியாதிருக்க வானொலி மௌனம் காத்து, விண்மீன்களைக் கொண்டே வழி கண்டனர். எரிபொருட் பாரம் மிகுந்தமையால் மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. வானிலேயே இருமுறை சூரியோதயம் கண்டமையால் அச்சேவை 'இரட்டைச் சூரியோதயம்' எனப் பெயர் பெற்றது.

அவ்விமானத்தின் வேகத்தை மணிக்கு 200 கிலோமீற்றர் எனக் கொள்வோம். காற்றில்லையேல் பயணம் 28¼ மணி. மணிக்கு 25 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசின் 32¼ மணிக்கு மேலாகும். அதே காற்றுப் பின்னின்று தள்ளின் 25 மணியளவில் முடியும். வேறுபாடு ஏழு மணிக்கு மேல்! மிக நீண்ட பயணமொன்று 32 மணி 9 நிமிடம் கொண்டமை இக்கணக்கோடு ஒத்துவருகின்றது. மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் இக்கால ஜெற் விமானத்துக்கோ, அதே காற்றால் விளையும் வேறுபாடு ஏறக்குறைய 21 நிமிடமே. மெதுவாகச் செல்வதையே காற்று மிகுதியும் வருத்துகின்றது.

போகும்போது இழந்த நேரத்தை மீளும்போது பெற்றுவிடலாமென்று எண்ணுதலும் பிழை. எதிர்க்காற்றில் நான்கு மணிக்கு மேல் இழக்கிறோம். பின்காற்றில் மூன்று மணிக்குச் சற்று மேலாகவே பெறுகிறோம். எதிர்க்காற்றின் பிடியில் நெடுநேரம் இருப்பதே இதற்குக் காரணம்.

2018இல் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவை தொடங்கியது. 14,500 கிலோமீற்றரளவான தூரத்தை அது ஏறத்தாழ 17 மணியிற் கடக்கின்றது. இன்றும் எரிபொருளை அளந்து ஏற்றுமுன் வழியிற் காற்றை ஆராய்கின்றனர். தூரத்தை வேகத்தால் வகுத்தல் பள்ளிக் கணக்கு. அதனோடு காற்றையும் சேர்த்தெண்ணுதலே கடல் கடப்போரைக் கரைசேர்க்கும் கணக்கு.