புகையானும் தோலுரிப்பைத் தடுக்கும் மருந்தும்

காரைக்கால் பிரதேசம் காவிரியின் கடைமடை. இங்கே தண்ணீர் வருவதும் தாமதம், வடிவதும் தாமதம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சம்பா, தாளடி வயல்களில் நீர் தேங்கி, வானமும் மூடியிருக்குமாயின், புகையான் என்னும் தத்துப்பூச்சி விரைவில் பெருகுகின்றது. அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதால், வரப்பில் நின்று நோக்குவோருக்குப் புலப்படுவதில்லை. நடுவயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்த பின்னரே பலர் மருந்து தேடுகின்றனர். 1973-74ஆம் ஆண்டுகளில் கேரளத்துக் குட்டநாட்டில் பெருஞ்சேதம் விளைவித்ததும் இப்பூச்சியே.

இதற்குரிய மருந்துகளில் புப்ரோபெசின் தனி வகையைச் சேர்ந்தது. புகையான் குஞ்சு ஐந்து முறை தோலுரித்தே இறக்கைப் பருவத்தை அடைகின்றது. புதுத் தோலுக்கு வேண்டிய கைட்டின் என்னும் பொருள் உண்டாவதை இம்மருந்து தடுத்துவிடுகின்றது. ஆகவே குஞ்சு அடுத்த தோலுரிப்பில் மடிகின்றது. இதற்கு மூன்று முதல் ஏழு நாள் வரை செல்லும். மறுநாட் காலையிலேயே வயலைப் பார்த்து, மருந்து போலியென்று கடைக்காரருடன் சச்சரவிடுவது வீண். வளர்ந்த பூச்சி இதனாற் சாவதில்லை. ஆனால் அது இடும் முட்டைகள் குறையும், பொரிப்பதும் குறையும். எனவே குஞ்சுகள் மிகுந்திருக்கும் சமயமே தெளிப்பதற்கு ஏற்றது.

சிலந்திகளுக்கும், புகையான் முட்டையை உண்ணும் பச்சை நாவாய்ப்பூச்சிக்கும் இதனால் அதிகக் கேடில்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று பைரித்திராய்டு மருந்துகளைத் தெளிப்பவர்கள் இந்நண்பர்களை அழித்து, புகையானைத் தாமே வரவழைத்துக் கொள்கின்றனர். இந்தோனேசிய அரசாங்கம் 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு விலக்கியது இக்காரணம் பற்றியே.

தூர்களைச் சாய்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிம்பு ஒன்றுக்கு ஒரு பூச்சி வீதம் இருந்தால் தெளிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி தென்படின், சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். 25 சதவீதக் கரைசல் ஏக்கருக்கு 320 மில்லி, 200 லிட்டர் நீரில் கலந்து, பயிரை விலக்கித் தூரடியில் படும்படி தெளித்தல் வேண்டும். நுனியில் தெளித்தால் பணமே நஷ்டம். அடுத்த முறை வேறு வகை மருந்தையே கையாள்க. நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டிருந்தால் இவ்வேலை எளிது; தழைச்சத்து உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்திடுதலும் அவசியம்.

தெளிக்குமுன் நீரை வடிக்க வேண்டும். இங்கேதான் தொல்லை. மேல்வயலார் வடிக்கும் நீர் கீழ்வயலில் நிற்குமாயின், அங்கே புகையான் பெருகி, இறக்கை முளைத்ததும் மேல்வயலுக்கே திரும்பும். ஆதலால் கிராம அதிகாரிகள் புரட்டாசிக்குள் வடிகால் வாய்க்கால்களைப் பார்வையிட்டு, அடைப்புகளை நீக்குவிக்க வேண்டும்.