பிளேனில் வந்தது யார்?

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. கனடாவின் டொரன்டோ நகரத்து ஆபீஸ்களில் அன்றைக்கு எத்தனை ஃபைல் நகர்ந்திருக்கும் என்பது சந்தேகம்தான். ஏகப்பட்ட பேர் கம்ப்யூட்டரில் ஒரு குட்டி பிளேன் படத்தையே கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தார்கள். தெற்கு கலிபோர்னியாவில் கிளம்பி, டொரன்டோவை நோக்கி ஊர்ந்து வந்து கொண்டிருந்த ஒரு தனியார் ஜெட்.

உள்ளே யார்? ஷோஹெய் ஒடானி!

அப்படித்தான் நினைத்தார்கள். ஒடானியைத் தெரியுமில்லையா? ஜப்பான்காரர். அமெரிக்க பேஸ்பாலில் பந்தும் எறிவார், மட்டையும் சுழற்றுவார். இரண்டிலும் கெட்டி. (அந்த ஊரில் இது அபூர்வம். கபில்தேவெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.) பழைய டீமோடு கான்ட்ராக்ட் முடிந்து, எந்த டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சுதந்திரப் பறவையாக இருந்தார். டொரன்டோ புளூ ஜேஸில் கையெழுத்துப் போடத்தான் வருகிறார் என்று வதந்தி. 'ஆமாம், வந்துக்கிட்டே இருக்கார்' என்று ஒரு விளையாட்டு நிருபர் வேறு அடித்துச் சொல்லிவிட, ஊரே பரபர!

பிளேன் இறங்கியது. கேமராக்கள் ரெடி. படியில் இறங்கியவர்... ராபர்ட் ஹெர்ஜாவெக். கனடாவின் தொழிலதிபர். டி.வி.யில் 'ஷார்க் டாங்க்' நிகழ்ச்சியில் வருகிறவர். குடும்பத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார், பாவம். தனக்கு எதற்கு இவ்வளவு வரவேற்பு என்று அவருக்கே புரியவில்லை.

மறுநாள் ஒடானியே அறிவித்து விட்டார். லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் டீமாம். 10 வருஷம், 70 கோடி டாலர். டொரன்டோவுக்கு அல்வா!

*

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கலாட்டாவும் ஆட்டமே இல்லாத மாசத்தில். மார்ச் கடைசியில் ஆரம்பிக்கிற சீசன் நவம்பர் பிறக்கும்போது முடிந்துவிடும். அப்புறம் பனி, குளிர், காலி மைதானம். ரசிகன் சும்மா இருப்பானா? அந்தக் காலத்தில் கடையில் எரிகிற அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்த வருஷம் எவன் எந்த டீம் என்று வாய் வலிக்கப் பேசுவார்களாம். அதனால் இந்த சீசனுக்கே 'ஹாட் ஸ்டவ்' என்று பெயர். நம்ம ஊரில் டீக்கடை பெஞ்ச் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஐ.பி.எல். மாதிரி சுத்தியல் தட்டுகிற ஏலம் அங்கே கிடையாது. எல்லாம் ஏஜென்ட் மூலம் பேரம். அதில் ஸ்காட் போராஸ் என்று ஒரு கில்லாடி இருக்கிறார். இந்தக் கட்டுரையில் வரப்போகிற ஆட்களில் சில பேருக்குப் பேரம் பேசினது அவர்தான்.

விதி சுலபம். பெரிய லீகில் சேர்ந்த முதல் மூன்று வருஷம், டீம் கொடுப்பதுதான் சம்பளம். ஆனால் குறைந்தபட்சம் ஒன்று உண்டு: 2025ல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். (வயிறு எரியுதா? இன்னும் இருக்கு.) மூன்றிலிருந்து ஆறு வருஷம் வரை, சம்பளத்தில் தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்ப்பு. இதற்கு ஆர்பிட்ரேஷன் என்று பெயர். ஆறு வருஷ சர்வீஸ் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். டாட்டா காட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இந்த ஆர்பிட்ரேஷன்தான் ஆபீஸ் போகிற நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். உங்கள் இன்க்ரிமென்ட் நேரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மேனேஜர் ஏ.சி. ரூமில் கூப்பிட்டு, 'நல்லாத்தான் பண்றீங்க, ஆனா...' என்று இழுப்பாரே, அந்த 'ஆனா'வை ஒரு மணி நேரம், மூன்று நீதிபதிகள் முன்னால், நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, வக்கீல் வைத்துப் பேசினால் எப்படி இருக்கும்?

அதேதான் அங்கே நடக்கிறது. ஆட்டக்காரர் ஒரு தொகை கேட்கிறார். டீம் ஒரு தொகை சொல்கிறது. மத்தியஸ்தர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். 'நீ கொஞ்சம் இறங்கு, நீ கொஞ்சம் ஏறு' என்ற பஞ்சாயத்தே கிடையாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கேட்டால் எதிராளியின் தொகை நியாயமாகத் தெரிந்துவிடும். கஞ்சத்தனமாகச் சொன்னாலும் அதே கதி. அதனால் இரண்டு பேரும் பயந்து பயந்து நடுவுக்கு வருவார்கள். முக்கால்வாசி கேஸ் வாசலிலேயே ராஜியாகிவிடும்.

ராஜியாகாதவைதான் விவகாரம். மில்வாக்கி புரூவர்ஸ் டீமில் கார்பின் பர்ன்ஸ் என்று ஒரு பிட்ச்சர். 2021ல் சிறந்த பிட்ச்சருக்கான 'சை யங்' விருது வாங்கினவர். 2023ல் அவர் கேட்டது 1 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். டீம் சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். வித்தியாசம் 7 லட்சத்து 40 ஆயிரம்தான். கோடிகள் புரளும் இடத்தில் இது பஸ் டிக்கெட் பாக்கிச் சில்லறை மாதிரி. ஆனாலும் டீம் விடவில்லை. கூண்டில் ஏற்றி, ஜெயித்தும் விட்டது.

வெளியே வந்த பர்ன்ஸ் மனசு விட்டுப் பேசிவிட்டார். முந்தின வருஷம் டீம் பிளே-ஆஃபுக்குப் போகாததற்குத் தானே காரணம் என்கிற அளவுக்கு உள்ளே பேசினார்கள், இனிமேல் பழைய உறவு இருக்காது என்று சொல்லிவிட்டார். 'அடப்பாவிகளா, அந்த ஏழு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கக் கூடாதா?' என்று மில்வாக்கி ரசிகர்கள் தலையில் அடித்துக் கொண்டார்கள். மறு வருஷம் டீமே அவரை பால்டிமோருக்கு மாற்றிவிட்டது. 2024 டிசம்பரில் ஃப்ரீ ஏஜென்ட்டாகி அரிசோனாவில் 6 வருஷத்துக்கு 21 கோடி டாலர்!

2017ல் நியூயார்க் யாங்கீஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. டெலின் பெட்டான்சஸ் 50 லட்சம் கேட்டார். டீம் 30 லட்சம் என்றது. டீம் ஜெயித்தது. ஜெயித்தால் பேசாமல் போக வேண்டியதுதானே? டீமின் பிரசிடென்ட் நிருபர்களைக் கூட்டி, அவர் தன்னைப் பெரிய 'க்ளோஸர்' என்று சொல்லிக் கொள்வது, நான் என்னை விண்வெளி வீரர் என்று சொல்லிக் கொள்கிற மாதிரி என்று கிண்டலடித்தார். ஜெயித்த பிறகு அடித்த அந்த அடிதான் யாங்கீஸ் ரசிகர்களுக்கே பிடிக்கவில்லை.

(எனக்கும் ஒரு முன்னாள் ஆபீஸில் இப்படி ஒரு 'ஆனா' கிடைத்தது. வருஷம் முழுக்க நான் லேட்டாக வந்த நாட்களைத் தேதிவாரியாகப் படித்தார்கள். இன்க்ரிமென்ட் எவ்வளவு என்பது மறந்துவிட்டது. தேதிகள் மட்டும் இன்னும் ஞாபகமிருக்கின்றன.)

*

240 நாள் வேலை பார்த்தால் பர்மனென்ட் கேட்பான் என்று 239ம் நாள் பிரேக் கொடுத்து அனுப்புவார்களே, அந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தேன். இல்லை சார். அங்கே 172 நாள் ஒரு வருஷ சர்வீஸ். 2015ல் சிகாகோ கப்ஸ் டீமில் கிரிஸ் பிரையன்ட் என்ற பையன் பயிற்சி ஆட்டங்களில் மட்டும் 9 ஹோம்ரன் விளாசினான். 'ஃபீல்டிங் இன்னும் சரியாகணும்' என்று சொல்லிச் சின்ன லீகுக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரல் 17ல்தான் மேலே கூப்பிட்டார்கள். கணக்குப் பார்த்தால் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைச்சல்! அந்த ஒரு நாளால் அவன் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஒரு முழு வருஷம் தள்ளிப் போனது. கேஸ் போட்டான். 2020ல் தோற்றான். இடையில் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் அவன்தான் என்பது வேறு கதை.

'கோடி கோடியா வாங்கறான், இவனுக்கு என்னய்யா அழுகை?' என்று கேட்கத் தோன்றும். அங்கேயும் பல ரசிகர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு கர்ட் ஃப்ளட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

செயின்ட் லூயி கார்டினல்ஸில் 12 வருஷம் ஆடினவர். கறுப்பர். 1969 அக்டோபரில் அவருக்கு ஒரு போன். 'உங்களை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தியாச்சு.' அவ்வளவுதான். மாட்டேன் என்றால் ஆட்டத்தையே விட வேண்டும். அந்தக் கால விதிப்படி ஒரு டீமில் கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அடிமை சாசனம். டீம் விற்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். ஆட்டக்காரர் மட்டும் விலக முடியாது. ஃப்ளட் வருஷம் 90 ஆயிரம் டாலர் வாங்கிக் கொண்டிருந்தார். அன்றைக்கு அது பெரிய சம்பளம். ஆனாலும், நான் வாங்கி விற்கிற சரக்கு இல்லை என்று தலைமை கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு கோர்ட்டுக்குப் போனார்.

அவருக்காக சாட்சி சொல்ல ஜாக்கி ராபின்சன் போன்ற பழைய ஜாம்பவான்கள் வந்தார்கள். ஆடிக் கொண்டிருந்தவர்களில் ஒருத்தர் கூட வரவில்லை. பயம்! 1972ல் சுப்ரீம் கோர்ட்டில் 5-3 என்று தோற்றார். அதற்குள் அவர் ஆட்டமும் முடிந்து போயிருந்தது. 1971ல் வாஷிங்டன் டீமுக்கு 13 ஆட்டம் ஆடியதோடு சரி.

ஆனால் பூட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. இரும்புத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர்தான் ஆட்டக்காரர் சங்கத்தின் மூளை. அவர் யோசனைப்படி மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பிட்ச்சர்கள் 1975ல் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடாமலே இருந்து பார்த்தார்கள். அந்த டிசம்பர் 23ம் தேதி பீட்டர் சைட்ஸ் என்ற மத்தியஸ்தர், 'இவர்கள் சுதந்திரமானவர்கள்' என்று தீர்ப்பு எழுதினார். முதலாளிகள் உடனடியாக ஒரு காரியம் செய்தார்கள். சைட்ஸை வேலையிலிருந்து தூக்கினார்கள்!

அதோடு விட்டார்களா? 1985லிருந்து மூன்று குளிர்காலம், 'அடுத்த டீம் ஆளுக்கு யாரும் விலை பேசக் கூடாது' என்று முதலாளிகள் ரகசியக் கூட்டு வைத்தார்கள். ஆண்ட்ரே டாசன் என்ற பெரிய ஆட்டக்காரரை வாங்க நாதியில்லை. 1987ல் அவர் சிகாகோ கப்ஸ் பயிற்சி முகாமுக்குப் போய், தொகை எழுதாத கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். 'நீங்களே எழுதிக்குங்க!' அவர்கள் எழுதினது 5 லட்சம். அந்த வருஷம் மனுஷன் 49 ஹோம்ரன் அடித்து, கடைசி இடத்தில் இருந்த டீமிலிருந்து 'சிறந்த ஆட்டக்காரர்' விருதையே தூக்கிக் கொண்டு போனார். கூட்டு அம்பலமாகி, 1990ல் முதலாளிகள் 28 கோடி டாலர் நஷ்டஈட்டுக்கு ஒத்துக் கொண்டார்கள்.

அதனால் யார் பேராசைக்காரர் என்ற பட்டிமன்றத்தில் என் ஓட்டு ஆட்டக்காரருக்குத்தான்.

*

ஆனால் ரசிகன் இருக்கிறானே! அவன் மனசு வேறு கணக்குப் போடுகிறது. நம்பர் போட்ட பனியனைக் காசு கொடுத்து வாங்கி, பிள்ளைக்கும் வாங்கிப் போட்டு, ஒரு நாள் காலையில் பேப்பரைப் பிரித்தால் ஆள் எதிரி டீமில் சிரிக்கிறான்.

அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2000 டிசம்பரில் சியாட்டிலை விட்டு டெக்சஸுக்கு 25.2 கோடி டாலருக்குப் போனார். அடுத்த ஏப்ரலில் திரும்பி ஆட வந்தபோது சியாட்டில் ரசிகர்கள் போலி டாலர் நோட்டுகளை வீசி அர்ச்சனை செய்தார்கள். பாஸ்டனுக்கு 1918க்குப் பிறகு முதல் தடவையாகக் கோப்பை வாங்கிக் கொடுத்த டீமில் இருந்தவர் தாடிக்கார ஜானி டேமன். 2005ல் ஜென்ம எதிரி யாங்கீஸுக்கே போய்விட்டார். அங்கே தாடிக்குத் தடை (2025ல்தான் தளர்த்தினார்கள்). மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு பாஸ்டனுக்கு வந்தவருக்குக் கிடைத்தது கூச்சல்தான்.

ஹுவான் சோட்டோ கதை இன்னும் ஜோர். 2024 டிசம்பரில் யாங்கீஸ் 16 வருஷம் 76 கோடி தருகிறேன் என்றது. அதே ஊர் மெட்ஸ் 15 வருஷம் 76.5 கோடி என்றது. சோட்டோ மெட்ஸுக்கு ஓடினார். 2025 மே 16ல் பழைய மைதானத்துக்கு வந்தபோது, அதுவரை அவர் பெயரைச் சொல்லிக் கத்தின அதே பகுதி ரசிகர்கள் மொத்தமாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். சோட்டோ ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டார்!

இதெல்லாம் பணக்கார ஊர்ச் சண்டை. பாவம், பிட்ஸ்பர்க் மாதிரி ஊர்கள். 1991ல் பாபி பொனியா போனார், 1992ல் பாரி பாண்ட்ஸ் போனார். அதற்கப்புறம் 1993லிருந்து 2012 வரை 20 வருஷம் தொடர்ச்சியாகத் தோல்வி சீசன்! அந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்து, காலேஜும் சேர்ந்துவிட்டது. டீம் தேறவில்லை. இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

பொனியாவாவது சுகமாக இருக்கிறார். 2000ல் மெட்ஸ் அவரைக் கழற்றிவிடும்போது 59 லட்சம் பாக்கி. 'இப்ப வேணாம், 8 சதவீத வட்டியோட அப்புறம் குடுங்க' என்று பேசி முடித்தார்கள். 2011லிருந்து 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் அவருக்கு 11 லட்சத்து 93 ஆயிரத்து 248 டாலர் 20 சென்ட் செக். அந்த 20 சென்ட்டையும் விடவில்லை! ரசிகர்கள் அந்தத் தேதியை 'பாபி பொனியா தினம்' என்று கொண்டாடுகிறார்கள். ஒடானி இதற்கு நேர் எதிர். 70 கோடியில் 68 கோடியை 2034லிருந்து வட்டியில்லாமல் வாங்கிக்கொள்கிறேன், இப்போது அதில் நல்ல ஆட்களை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

வாங்கினார்கள். 2025ல் டாட்ஜர்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே யார்? சாட்சாத் டொரன்டோ!

முதல் ஆட்டம் டொரன்டோவில். 11-4 என்று உள்ளூர் டீம் வெளுத்துக் கொண்டிருக்க, கடைசியில் ஒடானி மட்டை பிடிக்க வந்தபோது மைதானமே ஒரே குரலில் 'நீ எங்களுக்குத் தேவையில்லே!' என்று கோஷம் போட்டது. இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த பிளேன் அல்லவா! (கோப்பை என்னவோ ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்குத்தான் போனது.)

டொரன்டோ மானேஜர் ஜான் ஷ்னைடருக்கு வேறு ஒரு வருத்தம். 2023 பேச்சுவார்த்தையின்போது ஒடானிக்கு புளூ ஜேஸ் தொப்பி ஒன்றும், அவர் நாய்க்குக் குட்டி ஜாக்கெட் ஒன்றும் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்களாம். 'அதையாவது திருப்பிக் குடுப்பா' என்று நிருபர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒடானியிடம் கேட்டார்கள். வீட்டு கராஜில் பத்திரமாக இருக்கிறதாம்.